பொறிவண்டுக்குப் பின் ஒரு சோளமணி

அன்பு மகள் குட்டிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ மாடி அறையில் விட்டுப்போன கோழிக்குஞ்சுகள் அளவுக்கு மீறிய சுகம். பொறிவண்டுகளைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை, ஏனென்றால் அவை இப்போது இல்லை. நீ இருக்கும் காட்டில் போன் எடுக்காது என்பதால் நாளை அங்கே வரும் உன் ஆராய்ச்சி மேடம் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே பாதி விளங்கியிருக்கும். மீதியை உட்கார்ந்து படி.

கிளம்பும்போது நீ தெளிவாகத்தான் சொன்னாய். "அப்பா, இந்த வண்டு சிவப்புல கறுப்புப் புள்ளி வச்சிருக்கறது அழகுக்கு இல்ல. 'என்னைத் தொடாதே'ன்னு மாட்டியிருக்கிற போர்டு அது. குஞ்சு தெரியாம ஒரு தடவை கொத்தும், வண்டோட கால் மூட்டுலேருந்து மஞ்சளா கசப்புத் தண்ணி வரும், துப்பிடும். நிறம் பளிச்சுனு இருக்கறதால மனசுல நின்னுடும், அப்புறம் கிட்டயே போகாது. தினம் ஆளுக்கு ஒரு வண்டு வைங்க. துப்பினா துப்பட்டும். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க." நானும் தலையை ஆட்டினேன். ஒன்றும் பண்ணாமல் இருப்பதும் ஒரு வேலைதான், அது எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது என்று அப்போது தோன்றவில்லை.

முதல் நாள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்குமே ஒரு குஞ்சு, அதற்கு நான் மேனேஜர் என்று பேர் வைத்திருக்கிறேன், அது ஓடிவந்து கொத்தியது, துப்பியது, மூக்கைத் தரையில் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. ஆயுசு பூராவும் மருந்துக்கடை நடத்தியவன் நான். கசப்பு மருந்தை ஊற்றிய எந்தப் பிள்ளையையும் வாயில் ஒரு மிட்டாய் வைக்காமல் அனுப்பியதில்லை. கை சும்மா இருக்குமா? சர்க்கரையை நீட்டினேன், சீண்டவில்லை. கோழிக்கு இனிப்பே தெரியாதாமே, மேடம் பிறகுதான் சொன்னார். அம்மா வேகவைத்திருந்த சோளத்தில் ஒரு மணியை எடுத்து வைத்தேன், லபக்கென்று விழுங்கியது. அதற்கு மட்டும் கொடுத்தால் ஓரவஞ்சனை ஆகிவிடாதா, அதனால் எல்லோருக்கும் கொடுத்தேன். மறுநாளும் வண்டு, துப்பல், சோளம். கொஞ்ச நாளில் துப்பல் மட்டும் நின்றுபோயிற்று. வண்டை வைத்த மாத்திரத்தில் முழுங்கிவிட்டு வரிசையாக என் காலடியில் வந்து நின்றன. என்ன சமத்து என்று நான் பெருமைப்பட்டேன் குட்டி, அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விஷயம் வெளியே தெரிந்தது பக்கத்து வீட்டம்மாவால். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாடிக்கே வந்துவிட்டார், கால் விரலில் சிவப்பு நகப்பூச்சு. மேனேஜர் தலைமையில் மொத்தப் படையும் பாய்ந்தது. அவர் பாத்திரத்தைப் போட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, "இதென்ன சார், கோழியா நாயா?" என்று கேட்கிறார், குஞ்சுகளோ விரலைக் கொத்திவிட்டு என் சட்டைப்பையைப் பார்க்கின்றன. அன்றோடு சோளத்தை நிறுத்தினேன். நிறுத்தி என்ன பிரயோசனம், பாக்கி வரவேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக வண்டைத் தின்றன.

நேற்று மேடம் வந்தார். கடைசி வண்டை அவர் கையாலேயே வைத்தார். மேனேஜர் தின்றுவிட்டு என் பையை அண்ணாந்து பார்த்தது. மேடமும் பார்த்தார்.

"பையில என்ன சார்?"

"பழைய சோளம்மா. ரெண்டு மணி."

அவர் கோபப்படவில்லை, சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். "நிறம் மனசுல நிக்கும்னு உங்க பொண்ணு சொன்னது சரிதான் சார். நல்லாவே நின்னுருக்கு. சிவப்பைப் பார்த்தா சோளம் வரும்னு நின்னுருக்கு. இனிமே முட்டையிலேருந்து ஆரம்பிக்கணும். இந்த வருஷம் அவளுக்குப் பட்டம் கிடையாது. நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன். அந்த வண்டுகளை நினைத்தாலும் பாவமாக இருக்கிறது, உடம்பெல்லாம் போர்டு மாட்டிக்கொண்டு நம்பி வந்த ஜீவன்கள், அந்தப் போர்டையே நான் சாப்பாட்டுக்கடை விளம்பரமாக மாற்றிவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "அவளையும் இப்படித்தான வளர்த்தீங்க. இருமலே இல்லாம வந்து இருமிட்டு, மருந்து குடுங்கப்பான்னு வாயைத் திறந்துகிட்டு நின்னாளே, அப்பவே புரிஞ்சிருக்க வேணாமா?" உனக்குக் கசந்ததையெல்லாம் உடனுக்குடன் துடைத்துவிட்டதில், எதைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்று நீ கற்றுக்கொள்ள விடாமலே செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இல்லாவிட்டால் உன் ஒரு வருஷ உழைப்பை என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பாயா?

ஒரே ஒரு வேண்டுகோள். திரும்பி வந்ததும் "பரவால்லப்பா" என்று சொல்லிவிடாதே. வாய்க்கு வந்தபடி திட்டு. எனக்கும் ஒரு தடவை கசக்கட்டும், கசந்தது அப்படியே நாக்கில் நிற்கட்டும். இனி எந்தக் கசப்புக்குப் பின்னாலும் யாருக்கும் எதையும் நீட்ட மாட்டேன், இது சத்தியம்.

காட்டில் பூச்சிகளைக் கவனிப்பதுபோல் உன் உடம்பையும் கவனித்துக்கொள். அடுத்த குஞ்சுகளாவது நல்ல அப்பாக்களிடம் போய்ச் சேர வாழ்த்தும்,

அப்பா.

பின்குறிப்பு: மேடம் நேற்று மனம் கசந்துதான் கிளம்பினார், பார்க்கச் சகிக்கவில்லை, வாசலிலேயே ஓர் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். இந்தக் கடிதத்தோடு உனக்கும் ஒரு பொட்டலம் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் அல்லவா, ஒன்றை வாயில் போட்டுக்கொள்.