சொட்டு சார்

ஞாயிறு மாலை ஆறு மணி வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று சனிக்கிழமை காலையிலேயே சபதம் எடுத்துவிட்டான் பாண்டிமுருகன்.

கோட்டையூரில் வீட்டிலிருந்தபடியே வேலை அவனுக்கு. கம்பெனியில் ஹேக்கத்தான் என்ற நிரல் எழுதும் போட்டி. ஊரார் இலவசமாக எழுதித் தந்த மென்பொருளை வைத்துத்தானே பிழைக்கிறோம், இரண்டு நாள் நாமும் அவர்களுக்கு உழைப்போம் என்று மெயில் உருகியிருந்தது. அப்படி ஒரு மென்பொருளில் திருத்தம் செய்ய வேண்டும். அதன் பொறுப்பாளர் ஆறு மணிக்குள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றால் பாண்டிமுருகன் டீம் லீடர். டீஷர்ட்டும் பீட்சா கூப்பனும் முன்கூட்டியே வந்துவிட்டன. பீட்சாதான் கோட்டையூருக்கு வராது.

"ஏங்க, அடுப்படிக் குழாய் ஒழுகுதுன்னு ஆறு மாசமாச் சொல்றேன்," என்றாள் மனைவி ரோகிணி.

"இந்தா, ஹேக்கத்தான் நடக்குது!"

"கத்தத்தான் தெரியும் உங்களுக்கு," என்றபடி தன் லேப்டாப்பைத் திறந்தாள். எம்.சி.ஏ. படித்தவள். இப்போது கோலம் பார்க்கிறாள் என்று அவனாக முடிவு கட்டியிருந்தான்.

அவன் எடுத்துக்கொண்டது காரைக்குடி டவுன் பஸ் நேரம் சொல்லும் செயலி. அதன் பொறுப்பாளர் பெயர் 'சொட்டு'. படம் கிடையாது. கோட்டையூர் பஸ் நேரங்களைத் திருத்தி, 'பணிவான வணக்கம் சார்' போட்டு அனுப்பினான். திரும்பி வந்தது.

'சோதித்துப் பார்த்தீர்களா?'

பார்க்கவில்லை. பார்த்து மறுபடி அனுப்பினான். நிமிஷத்துக்கு நாலு தடவை பக்கத்தைப் புதுப்பித்தான். கால் தானாக ஆடியது. ஞாயிறு மதியம் பதில் வந்தது.

'நாலு பத்து பஸ் சந்தை நாளில் சுற்றிப் போகும். சேர்க்கவும்.'

பாண்டிமுருகன் பரவசமாகிவிட்டான். "பாத்தியா! அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டு நம்ம சந்தை பஸ் வரைக்கும் சொல்றாரு. மனுசன் மேதை!"

"அமெரிக்கான்னு யாரு சொன்னா?"

"இம்புட்டு அறிவு இங்கிட்டு யாருக்கு இருக்கு?"

"அதுஞ் சரிதான்," என்றாள் ரோகிணி. காய்கறிப் பையோடு அந்த நாலு பத்து பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்பவள் அவள்தான்.

மணி ஐந்து நாற்பது. மூன்றாவது முறையாக அனுப்பிவிட்டு நகம் கடித்தான். பதவி போய்விடுமோ என்று பயந்து, 'சார், தயவுசெய்து, என் வாழ்க்கை உங்கள் கையில்' என்று ஒரு வரி கெஞ்சினான். உடனே பதில் வந்தது.

'திருத்தம் அருமை. ஏற்கத் தயார். ஆனால் ஆறு மாதப் புகார் ஒன்று தீராமல் இருக்கிறது. அடுப்படிக் குழாய். புது வாஷர் ஜன்னலில் இருக்கிறது. மாட்டிவிட்டு வரவும்.'

இரண்டு தடவை படித்தான். மெல்லத் திரும்பினான். ரோகிணி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுப்படியில் சொட்... சொட்... என்று சத்தம் மட்டும் கேட்டது.

"நீயா?"

"இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்குங்க," என்றாள்.

பாண்டிமுருகன் எழுந்தான். ஸ்பேனரை எடுத்தான்.

"சரிங்க சார்," என்றான்.