அசையாத முதலை

“அசையலையாம்,” என்றார் மேலாளர், கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி.

புதிர்க்காரர் நாற்காலியைத் திருப்பினார். “எது சார் அசையலை?”

“எதுவுமே. முதலாளி அரை மணி நேரமா உங்க விளையாட்டப் பார்த்துட்டிருந்தாராம். முதலையும் அசையல, காவல்காரனும் அசையல. முகமே சரியில்லய்யா அவருக்கு.”

அந்தக் கம்பெனி ‘கயிற்றுக்காரி’ என்ற ஒரே சாகச வீடியோ கேமை ஐந்து பாகம் வரை இழுத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. ஐந்திலும் அந்தப் பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாழடைந்த கோட்டைகளில் தாவுவாள், ஓடுவாள், தொப்பென்று விழுவாள். ஆடுகிறவர்களுக்குக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். ஒரு மாறுதலுக்காக, அவளையே வைத்து நிதானமான புதிர் விளையாட்டு ஒன்றைச் செய்யும்படி நம்மவரிடம் விட்டிருந்தார்கள். தரையெல்லாம் கட்டங்கள். அவளை நீங்கள் ஒரு கட்டம் நகர்த்தினால், முதலையும் காவல்காரனும் ஆளுக்கொரு கட்டம் நகர்வார்கள். பிறகு மறுபடி உங்கள் முறை. நீங்கள் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம். முதலை வாயைப் பிளந்தபடி அங்கேயே நிற்கும். இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு நாற்பது புதிர்கள் செய்திருந்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட மனிதர் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. போன வாரம்தான் அதை, கூடவே விளையாட்டுத் திரையின் போட்டோ ஒன்றையும் வைத்து, முதலாளிக்கு மெயிலில் அனுப்பியிருந்தார்.

“சார், நாம நகர்த்தினாத்தானே அது நகரும்? ஐயா திரையத் தொட்டாராமா?”

மேலாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். “முதலாளிகிட்டப் போய், ‘தொட்டீங்களா’ன்னு என்னக் கேக்கச் சொல்றியா? எனக்குக் குடும்பம் இருக்குய்யா.”

அதுதான் அங்கே வழக்கம். முதலாளி சொல்வார், கீழே இருப்பவர்கள் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். பதினெட்டு வருஷமாக அவரிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. அர்த்தம் கண்டுபிடிப்பதில் கில்லாடி என்பதால்தான் மேலாளர் மேலாளராக இருந்தார்.

“மாசக் கடைசிக்குள்ள அவர் தலையாட்டணும். இல்லன்னா புதிர்ப் பிரிவ மூடிடுவாங்க. நீயும் அந்தப் படம் போடுற பொண்ணும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஜாடையாச் சொல்லிட்டாரு.”

புதிர்க்காரர் அன்றே, ‘உங்கள் முறை’ என்று மினுக்மினுக்கென்று எரியும் பலகை ஒன்றைத் திரையின் நடுவில் வைத்தார். பாதிக் கட்டங்களை அது மறைத்துவிட்டது. போகட்டும் என்று முதலாளிக்கு அனுப்பினார்.

மறுநாள் மேலாளர் வந்தார். “அசையலையாம்.”

முதலைக்கு வாலாட்டக் கற்றுக்கொடுத்தார். காவல்காரனுக்குக் கொட்டாவி வைத்தார். இரண்டும் சேர்ந்து பார்க்கச் சகிக்கவில்லை.

“அசையலையாம்யா! வேகம் வேணுங்கறாரு.”

“வேகம்னு அவரே சொன்னாரா?”

“அசையலைன்னாரு. வேறென்ன அர்த்தம்?”

நாலாவது தடவை புதிர்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பாவத்தைச் செய்தார். பத்து விநாடி சும்மா இருந்தால் முதலை தானே வரும்படி மாற்றினார். ஓவியப் பெண் அதை ஆடிப் பார்த்துவிட்டுக் கண் கலங்க வந்து நின்றாள்.

“அண்ணே, எந்தப் பக்கம் போகலாம்னு யோசிச்சுட்டிருக்கும்போதே முழுங்கிடுச்சுண்ணே. யோசிக்கிறதுக்குத்தானே அண்ணே புதிரு?”

“வேலையக் காப்பாத்த யோசிம்மா இப்ப,” என்றார் அவர். சொன்ன வாயை உடனே கழுவிக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்து விநாடி இரண்டு விநாடியானது. அப்புறம் கட்டங்களே காணாமல் போயின. ஏழாவது பதிப்பில் கயிற்றுக்காரியே தானாக எழுந்து ஓடினாள், தானாகத் தாவினாள், தானாக ஜெயித்தாள். திரையைத் தொட்டால் கேம் நின்றுவிடும் அபாயம் இருந்ததால், தொடுவதையும் எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் காட்டினார். முதல் பதிப்பின் நாற்பது புதிர்களையும் அடுப்பில் வைத்ததைத் தீயவிட்டுத் தீயவிட்டே முடித்தவள் அவள்தான். ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

“ஏங்க, இதுல நான் என்ன பண்ணணும்?”

“பார்க்கணும்.”

“பார்த்து?”

“பார்த்துட்டே இருக்கணும்.”

“இதுக்கு நான் துணி துவைக்கிற மிஷினப் பார்ப்பேனே. அதுவாவது கடைசில துணிய வெளுத்துக் குடுக்கும்.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நல்லாயிருந்த பிள்ளைய இப்படிக் கைகால உடைச்சு வச்சிருக்கீங்களே!”

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த ஏழாவது பதிப்பை முதலாளிக்கு அனுப்பினார்.

மாதக் கடைசி நாள் பத்தரை மணிக்குக் கதவு படாரென்று திறந்தது. முதலாளியே வந்துவிட்டார்! மார்போடு டேப்லட்டை அணைத்திருந்தார். பின்னால் மேலாளர், அவருக்கும் பின்னால் முதலாளியின் செயலாளர் பெண். புதிர்க்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டு சுவரில் மோதியது. ஓவியப் பெண் பையில் தன் டிபன் டப்பாவை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

“பிரமாதம்!” என்றார் முதலாளி. “இன்னிக்குக் காலைலேருந்து கீழ வைக்கலய்யா! ஒன்பதாவது புதிர்ல மாட்டிக்கிட்டேன். அந்த முதலை, எனக்காக, முக்கால் மணி நேரம் வாயத் திறந்துட்டே நின்னுச்சு. என்ன பொறுமை! என்ன மரியாதை! இந்தக் கட்டிடத்துல வேற எவனுக்கு இருக்கு அந்தப் பொறுமை?”

புதிர்க்காரர் ஓவியப் பெண்ணைப் பார்த்தார். ஏழாவது பதிப்பின் முதலை முக்கால் விநாடிகூட நிற்காது.

“சும்மா கிடந்த விளையாட்டு. நான் சொல்லிச் சொல்லி, நீங்க திருத்தித் திருத்தி, ஏழாவதுல உயிர் வந்திருக்கு. இதையே வெளியிடுங்க. ஒரு கட்டம்கூட மாத்தக் கூடாது. பிரிவும் இருக்கட்டும்.” மேலாளரின் முதுகில் ஓங்கித் தட்டினார். “என் மனசுல இருந்தத அப்படியே புரிஞ்சு வேலை வாங்கியிருக்காரு இவரு. பொது மேலாளராப் போடச் சொல்லிட்டேன்.”

மேலாளர் தரையைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தார். இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வெளியே போனார்கள்.

புதிர்க்காரர் பின்தங்கிய செயலாளர் பெண்ணை மறித்தார். “ஏம்மா, ஏழாவதுல முதலை எங்கம்மா காத்திருக்கு? கட்டமே கிடையாதே!”

அவள் நடைபாதையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஏழாவதெல்லாம் மெயில்லயே தூங்குதுண்ணே, இன்னிக்குக் காலைல நான்தான் நீங்க முதமுதல்ல அனுப்பினதத் திறந்து குடுத்தேன், அதுவரைக்கும் ஐயா, அதோட நீங்க வச்சு அனுப்பின போட்டோவத்தான் விளையாட்டுன்னு நெனச்சுத் தட்டிட்டிருந்தாரு.”