நிற்காத கேஸ்

ஒரு வீட்டில் இதுவரை யாரும் காலேஜுக்குப் போகவில்லை என்று போகாதவர்களே சொன்னால் அரசு நம்பாது. அதிகாரி ஒருவர் காரில் வந்து விசாரித்து, ‘ஆமாம், போகவில்லை’ என்று எழுதினால்தான் அது உண்மையாகும். அதற்குப் பெயர் முதல் பட்டதாரிச் சான்று. அது கிடைத்தால் எனக்குக் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. கிடைக்காவிட்டால் அருப்புக்கோட்டையில் ஏதாவது ஜவுளிக்கடையில் மடித்த சேலையைப் பிரித்து, பிரித்த சேலையை மடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் பிளஸ் டூ முடித்த கையோடு பரளச்சியில் பஸ் ஏறி, டவுனில் இருக்கும் சரிபார்ப்பு அலுவலகத்துக்குப் போனேன்.

கண்காணிப்பாளர் தங்கசாமி சார் என் மனுவை வாங்கி, அதையே விசிறியாக்கி வீசிக்கொண்டார்.

“ஐயா நேர்ல வந்து விசாரிப்பாக. ஆனா இப்ப வர முடியாது.”

“ஏன் சார்?”

“ஐயா வண்டியில ஏசி கேஸ் நிக்கல.”

அதிகாரி சூடானால் அவர் எடுக்கும் முடிவும் சூடாகிவிடும். எனவே, மேற்படி வாகனம் குளிர்ந்த நிலையில் இருக்கும்போது மட்டுமே வெளிப்பணி நடைபெறும் என்பது அந்த அலுவலகத்தின் மரபு. வாகனமோ குளிர்வதாக இல்லை.

வெளியே டிரைவர் காளீஸ்வரன் அண்ணன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நேத்துத்தான் பாளையம்பட்டியில கேஸ் ஏத்துனோம். பந்தல்குடி தாண்டல, அனலா அடிக்குது. குழாய்ல எங்கிட்டோ ஓட்டை.”

“அப்ப ஓட்டைய அடைக்க வேண்டியதுதானண்ணே?”

“இத உள்ள போய்க் கேளு” என்றார். நான் போய்க் கேட்டேன்.

“கேஸ் ஏத்துறதுக்கு விதி இருக்கு. ஓட்டை அடைக்க விதி இல்ல” என்றார் தங்கசாமி சார். “கேஸு செலவாகுற சாமான். தீந்தா வாங்கிக்கிரலாம். ஓட்டை செலவாகுமா?”

“ஆகாது சார்.”

“அப்ப அது வண்டியில ஒரு பகுதி. அரசாங்கச் சொத்து. அதுல கை வைக்க மேலிடத்து அனுமதி வேணும்.”

“கேளுங்க சார்.”

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே.”

நான் கேட்கச் சொன்னேன். மறுநாளும் போய்ச் சொன்னேன். அதற்கு மறுநாளும். ஃபேனுக்கு நேராக நான் நிற்பதால் அலுவலகத்துக்கே காற்று வரவில்லை என்று புகார் எழுந்த பிறகுதான் கடிதம் எழுதினார்கள். கடிதம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது ஆணை. எனவே தங்கசாமி சார் நல்ல தமிழிலேயே எழுதினார்: ‘ஐயா அவர்களின் ஏசி கேஸ் பலமுறை முயன்றும் நிற்கவில்லை. மேல்நடவடிக்கைக்கு அனுமதி வேண்டப்படுகிறது.’

கேஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் மேலிடத்தில் அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். பதில் வந்தது: ‘நிற்காத கேஸை நடத்துவது வீண் செலவு. உடனடியாக வாபஸ் பெற்று அறிக்கை அனுப்பவும்.’

“சார், அவுக கோர்ட்டு கேஸ்னு நெனச்சுட்டாக.”

“பாப்பா, மேலிடம் என்ன நெனச்சுச்சுன்னு நெனைக்கிறது நம்ம வேலை இல்ல. வாபஸ் வாங்கச் சொல்லியிருக்காக. வாங்கணும்.”

பாளையம்பட்டியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் ஒரு மூடியைத் திருகினார். மிச்சமிருந்த கேஸ் புஸ்ஸென்று வெளியேறியது. ஊழியர்கள் அனைவரும் எழுந்து நின்று அதை வழியனுப்பினார்கள். ‘கேஸ் முழுமையாக வாபஸ் பெறப்பட்டது’ என்று அறிக்கை போனது.

மேலிடம் விடவில்லை. ‘எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்பட்டதா?’

எதிர்த்தரப்பு யார் என்று அலுவலகம் வேலையை நிறுத்திவிட்டு ஆலோசித்தது. வேலை ஏற்கெனவே நின்றிருந்ததால் சிரமமில்லை.

“காளீஸ்வரா, ஏசி யாருக்கு எதிரா ஓடுது?”

“வெயிலுக்கு எதிராத்தான் சார்.”

ஆகவே வெயிலின் பெயருக்கு நோட்டீஸ் தயாரானது. வெயில் குடியிருக்கும் இடம் தெரியாததால், அது தினமும் சாயங்காலம் வந்து போகும் மேற்குச் சுவரில் ஒட்டினார்கள். கொஞ்ச நாளில் காகிதம் மஞ்சளாகி ஓரம் சுருண்டது. ‘எதிர்த்தரப்பு நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கான அடையாளம் காணப்பட்டது’ என்று எழுதி அனுப்பினார்கள்.

கடைசி உத்தரவு வந்தது. ‘கேஸ் முடித்துவைக்கப்பட்டது. வாகனத்தின் மீது இனி கேஸ் ஏதும் இல்லாத நிலையில், அலுவலர் வெளிப்பணிக்குச் செல்லத் தடையில்லை.’

இப்படியாக, வண்டியில் சுத்தமாகக் கேஸ் இல்லாமல் போன பிறகு ஐயா வேலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அன்றைக்கும் நான் சண்டை போடுவதற்காக டவுனுக்குத்தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் அந்தக் கார் என் பஸ்ஸைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். கண்ணாடி இறக்கிய காரை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

“ஐயா உங்க ஊருக்குத்தான் போயிருக்காக” என்றார் தங்கசாமி சார். அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

வீட்டில் என் அம்மா அழகுத்தாய் காய்ந்த வத்தலை அள்ளிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“ஏடி, இன்னைக்கு ஒரு புரோக்கர விரட்டிட்டேன்.”

“எந்த புரோக்கரு?”

“சோலாருக்கு நெலம் கேட்டு வருவாங்கள்ல, அந்தக் கூட்டம்தான். தலையில ஈரத்துண்டு, மூஞ்சியெல்லாம் புழுதி. ‘நான் ஆபீசரு, வீட்ல யாராச்சும் காலேஜு படிச்சிருக்காகளா’ன்னு நைசாக் கேக்குறான். படிக்காதவுகன்னு சொன்னா கைநாட்டு வாங்கிட்டுப் போயிரலாம்னு நெனப்பு. விட்டேனா? எல்லாரும் படிச்சவுகதான், எங்க வீட்டுக்காரரு வக்கீலுக்குப் படிச்சிருக்காரு, கோர்ட்டுல பாத்துக்கிருவோம்னேன். மறுபேச்சு இல்ல. எழுதிக்கிட்டுப் போயிட்டான்.”

நான் பையை அப்படியே வத்தல் மேல் போட்டேன்.

“அம்மா, அவுகதான் ஆபீசரு.”

“போடி. ஏசி காருல வருவாகன்னு நீதான சொன்ன? அந்தக் காருல நாலு கண்ணாடியும் எறங்கிக் கெடந்துச்சு. கண்ணாடிய எறக்கிக்கிட்டு வர்றவன் ஆபீசரா?”

“வண்டியில அரசுன்னு எழுதியிருந்துச்சா இல்லையா?”

“மதன்குமாரு பைக்குல போலீஸ்னு எழுதியிருக்கு. அவன் போலீஸா? கோழிக்கடைதான வச்சிருக்கான்?”

பக்கத்து வீட்டு ராக்கம்மா அத்தை வேறு வேலிக்கு அந்தப்பக்கமிருந்து, “நாங்களும் சேந்துதான்டி சொன்னோம், பெரிய வக்கீலுன்னு. ஆளு மெரண்டுட்டான்” என்றாள்.

சீக்கிரமே பதில் வந்தது. அந்த அலுவலகம் அவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை. ‘மனுதாரரின் தந்தை மாரிக்கண்ணன் சட்டம் பயின்றவர் என்பது கள ஆய்வில் அக்கம்பக்கத்தாராலும் உறுதி செய்யப்பட்டது. மனு நிராகரிக்கப்படுகிறது.’ அப்பா எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு லோடு வண்டி ஓட்டுகிறவர். இனி நான் காலேஜுக்குப் போனால் எங்கள் வீட்டின் இரண்டாவது பட்டதாரி.

மறுவிசாரணைக்கு எழுதிக் கொடுத்தேன். ஊருக்கும் என்மேல் பரிதாபம் வந்தது. எல்லாரும் கூடிப் பேசினார்கள். தப்பு எங்கே நடந்தது என்று ஆராய்ந்ததில், தப்பு முழுக்கக் கண்ணாடியில்தான் என்று முடிவானது. அடுத்த தடவை ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தால் யாரும் பொய் சொல்லப்போவதில்லை. ஆக, ஊரே கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு ஒரு மனு அனுப்பியது: ‘ஐயா அவர்களின் காருக்கு உடனே கேஸ் போட வேண்டும்.’

மேலிடம் கேட்டிருக்கிறது: ‘யார் மீது கேஸ் போட வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தவும்.’

இது சட்டம் படித்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அரசே எழுதிக் கொடுத்த வக்கீல் ஊருக்குள் ஒருவர்தான் இருக்கிறார். சாயங்காலமானால் அவரைப் பார்க்க ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை எல்லாம் வருகிறது. அப்பா லோடு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கேட்கிறார். அந்த வண்டியில் ஏசி என்ற ஒன்று பிறந்ததிலிருந்தே கிடையாது. சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வேர்வை வரும். நேற்று நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

“அப்பா, எறக்குங்க. இப்படி வேர்த்து ஊத்துது.”

அவர் ஒரு விரல் அளவுக்கு இறக்கினார்.

“எறக்குனா வக்கீலுன்னு எவன் நம்புவான்?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.