மாமாவின் மோட்டார் சைக்கிளை நான் அழகாக்கிய கதை

ஒரு வேலையை வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தால், அதைச் செய்து முடித்த களைப்பே வந்துவிடும். பழைய மோட்டார் சைக்கிளைப் புதுசாக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் களைப்போடு கர்வமும் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் குளுகுளு அறையில் உட்கார்ந்து காப்புறுதி பாலிசி விற்கிற என் கையில் அதுவரை கிரீஸ் பட்டதில்லை. (கிரீம் பட்டிருக்கிறது.)

மாட்டிக்கொண்டது என் மாமனாரின் பழைய மோட்டார் சைக்கிள். கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். தினமும் காலையில் அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதில்தான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவார். வண்டியில் ஒரே குறை, பார்க்க நன்றாக இல்லை. அதாவது எனக்கு.

“குடுங்க மாமா, புதுசாக்கித் தரேன்” என்றேன்.

“நல்லாத்தானே ஓடுது மாப்ள?”

“ஓடுறது வேற, ஸ்டைல் வேற மாமா.”

அவர் தன் மகளைப் பார்த்தார். என் மனைவி கவிதா கூரையைப் பார்த்தாள். சாவி என் கைக்கு வந்தது.

அவர்கள் வீட்டு வாசலிலேயே வண்டியைப் பிரித்துப் போட்டேன். திருகாணிகளுக்கு அத்தையின் முறுக்கு டப்பாக்கள். சனி, ஞாயிறு மட்டும் வேலை என்பதால் மாதக்கணக்கில் இருவரும் பஸ்ஸில் பாசாருக்குப் போனார்கள். நான் தட்டிக்கொண்டும் அறுத்துக்கொண்டும் இருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூடியிருந்த பெட்ஷீட்டை ஜாலவித்தைக்காரன் மாதிரி உருவினேன். மினுங்காத கறுப்புப் பெயின்ட், தாழ்ந்த ஹேண்டில், பின்பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பொருத்திய குட்டி சீட்டு. மாமா வண்டியைச் சுற்றி வந்தார்.

“மாப்ள, உங்க அத்தை எங்க உக்காருவா?”

எந்த வீடியோவிலும் யாரும் கேட்காத கேள்வி.

“இது ஒத்த ஆள் வண்டி மாமா. இப்ப இதான் ஃபேஷன்.”

“அப்ப நான் பஸ்ஸுலயே போறேன் லா” என்று சொல்லிவிட்டு அத்தை அடுப்பைக் கவனிக்க உள்ளே போனார்.

மானத்தைக் காப்பாற்ற ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினேன். ஒரே உதையில் கிளம்பியது! மாமாவின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. தெருக்கோடிவரை கம்பீரமாகப் போய்வந்து, கேட்டுக்குள் நுழைய ஹேண்டிலை ஒடித்தேன்.

ஆக்சிலேட்டர் கேபிள் தொங்கினால் அசிங்கம் என்று அதை இழுத்துக் கட்டியிருந்தேன். ஹேண்டில் திரும்பியதும் அது தானாக இழுபட்டது. வண்டி சீறியது. பதறிப்போய்க் காலால் பிரேக்கைத் தேடினேன். பழைய இடத்தில் இல்லை. அதையும் ஸ்டைலுக்காகப் பின்னால் நகர்த்தியிருந்தேன். மாமா பூந்தொட்டிகளைத் தாண்டிக் குதித்தார். நான் திறந்திருந்த வாசல் வழியே நேராகக் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். சோபாதான் என்னை நிறுத்தியது.

அத்தை கரண்டியோடு ஓடி வந்தார். வீடு முழுக்கப் புகை. சோபாவின் மேல் நான், பக்கத்தில் வண்டி. தரையில் நீளமாக டயர் தடம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

“ஷூவ கழட்டலையா மாப்ள? இப்பதான் மோப் போட்டேன்!”

மாமா உள்ளே வந்து, வண்டியின் வெட்டிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பூச்சோங்கில் ஒரு பட்டறையில் வேறு பின்பகுதியை ஒட்டவைத்து நீளமான சீட்டு போட்டார்கள். இருவரும் மறுபடி அதில்தான் பாசாருக்குப் போகிறார்கள். எனக்கு அந்த வீட்டில் ஸ்குரூடிரைவரைத் தொட அனுமதியில்லை. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றக்கூடக் கவிதாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன வருடம் மைத்துனனுக்குப் பெண் பார்க்க ஜெஞ்சாரோம் போனோம். பெண் வீட்டாரிடம் அத்தை என்னை அறிமுகப்படுத்தினார்.

“இவருதான் எங்க மாப்பிள்ளை. வண்டியோட வீட்டுக்குள்ள வந்தவரு.”

காரோடு வந்த வசதியான மாப்பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்த பெண்ணின் அப்பா எழுந்து வந்து கைகுலுக்கினார். கவிதா சிரித்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னாள். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், மேசைமேல் கிடந்த தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.