வாசலைத் தாண்டாத கூண்டு வண்டி

வண்டியை வீடாக்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவில் எங்கள் ஐடஹோ பக்கம் தெருவுக்கு ஒருவராவது அகப்படுவார். கையில் ஒரு பழைய பிக்கப் லாரி இருக்கும். அதன் பின்தொட்டிமேல் எங்கோ மலிவாகக் கிடைத்த கூண்டு ஒன்று கவிழ்ந்திருக்கும். காதில் பென்சில், இடுப்பில் அளவு டேப், வாயில் மட்டும் மலையும் காடும் கடலும். காசு செலவில்லாமல் ஊர் சுற்றப் போகிறார்களாம். வண்டி வாசலைத் தாண்டினால்தானே?

நம் வெர்லின் டட்டில் இந்த இனத்துக்குத் தலைவர். ரத்தத்தில் வந்த குணம். அவருடைய தாய்மாமன் ஆரின், களஞ்சியத்துக்குள் படகு கட்டினவர்; துடுப்பைச் செதுக்கி முடிப்பதற்குள் கோழி அதில் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சும் வளர்ந்து முட்டையிட்டது.

வெர்லினின் கூண்டுக்குள் நுழைந்தால் சொந்தபந்தம் மொத்தமும் வரவேற்கும். கட்டில் பலகை, மச்சான் டெல்மர் வீட்டுக் குளியலறைக் கதவு. திரைச்சீலை, அண்ணன் மகள் கல்யாண மேசையில் விரித்த துணி. மெத்தை, விவாகரத்தாகிப் போன மருமகன் விட்டுப்போன சோபாவைக் கிழித்து எடுத்தது. அவன் போன அன்று வீடே அழுதது. வெர்லின் சோபாவை அளந்துகொண்டிருந்தார்.

சர்ச் முடிந்து வருகிறவர்களை விடமாட்டார். "ஏறிப் படுத்துப் பாருங்க, சும்மா படுங்க!" போதகரே ஒருநாள் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி படுத்துப் பார்த்தார்.

"சொகமா இருக்குப்பா. எப்போ பயணம்?"

"ஒரு சின்ன வேலைதான் பாக்கி."

இந்த இனத்தின் தேசிய கீதம் அது. மசாலா டப்பாவுக்குத் தட்டு வந்தது. காபிக் கோப்பைக்கு வளையம் வந்தது. மூடி போட்ட வாளியில் ஒரு கழிப்பறைகூட வந்தது; விருந்தாளிகளுக்கு அதைத் திறந்து திறந்து காட்டினார். வராதது ஒன்றே ஒன்று: பின்கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கொண்டி. வெளியே கைப்பிடி உண்டு, உள்ளே வெறும் தகடு. "அதைக் கடைசியில பாத்துக்கலாம்" என்றார்.

அவர் மனைவி லவோன் பீட்ரூட் வயலுக்கு நடுவே பிறந்து வளர்ந்த அம்மா. கடலைக் கண்ணால் கண்டதில்லை. அக்கா ஆர்டித்துக்கு வீடு ஓரிகன் கடற்கரையில். ஒவ்வொரு கோடையும், "வர்றியா, இல்ல கடலைப் பாட்டில்ல பிடிச்சு அனுப்பட்டுமாடி?" என்று போனில் சீண்டுவாள். இந்த வருஷம் சீண்டவில்லை.

"வீட்டை வித்துட்டேன் லவோன். மாசக் கடைசியில மகன்கிட்டப் போறேன். அரிசோனா. பாலைவனம்."

லவோன் போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "ஏய்யா, சனிக்கிழமை கிளம்பலாமா?"

"இந்தச் செருப்பு அலமாரி மட்டும் முடிஞ்சா..."

சனிக்கிழமை காலை வெர்லின் அலமாரிக்கு அளவெடுக்கக் கூண்டுக்குள் தவழ்ந்தார். பின்னால் டொக் என்று ஒரு சத்தம். அடுத்து எஞ்சின். வீட்டு மரங்கள் பின்னோக்கி நடக்கத் தொடங்கின.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னலை வெர்லின் தட்டினார். "லவோன்! நான் உள்ள இருக்கேன்!"

"தெரியும்."

"கதவைத் திறடி!"

"நீயே திறந்துக்கோயேன்."

வெறும் தகட்டைக் கை தடவும் சத்தம் கேட்டது. "...கொண்டி வைக்கல."

"ஒரு சின்ன வேலைதானே பாக்கி? கடல்ல போய்ப் பாத்துக்கலாம்."

வழியில் பெட்ரோல் போட்டபோது ஜன்னல் வழியே பர்கர் நீட்டினாள். மலைப்பாதையில் அந்த வாளிக்குத் திறப்பு விழா நடந்தது. வளைவுகள் அதிகம், விவரம் வேண்டாம்.

சாயங்காலம் ஆர்டித் மணலில் காத்திருந்தாள். லவோன் செருப்பைக் கழற்றினாள், தண்ணீருக்குள் நின்றாள், ஒரு கை அள்ளி உப்பு பார்த்தாள். கவுன் நனைந்தபின்தான் கூண்டு ஞாபகம் வந்தது. போய்த் திறந்தாள்.

வெர்லின் இறங்கினார். கடலைப் பார்த்தார். கண்கூடக் கலங்கியது. பிறகு கை காதுப் பென்சிலுக்குப் போனது.

"அழகாத்தான் இருக்கு. இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வெட்டியிருந்தா..."

"லவோன்," என்றாள் ஆர்டித், "அவனைத் திரும்ப உள்ள போடு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் எதற்கோ ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை அளவெடுக்க உள்ளே தவழும்போது மட்டும் ஒருதரம் திரும்பிப் பாருங்கள், சாவி யார் கையில் இருக்கிறதென்று.