மச்சினனை விரட்ட வந்த டபுள் பேஸ்

மச்சினனை வீட்டை விட்டுக் கிளப்புவது என்று அன்று பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். யுத்தம் முடியட்டும் என்றுதான் பொறுத்திருந்தேன். ஜெர்மன்காரன்கூடக் களைத்துவிட்டான். பேச்சிமுத்து களைக்கவில்லை.

அவன் என் மனைவி முத்துத்தாயின் தம்பி. பொங்கலுக்கு அலங்காநல்லூரிலிருந்து வந்தான். ஐப்பசி பிறந்தும் போகவில்லை. காளவாசலில் எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே ஒரு முன்ரூம். அதில் அவன் மல்லாந்து படுத்திருப்பான். நான் அடுப்படி வாசலில் குந்தி, புகைக்கு நடுவில் பேப்பர் படிப்பேன். போகச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. சொன்னால் முத்துத்தாய் பேசுவாள். அல்லது பேசாமல் இருப்பாள். இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே சத்தத்தால் விரட்டுவது என்று தீர்மானித்தேன்.

நான் மில் குமாஸ்தா. மில்லுக்குப் பக்கத்து ரயில்வே காலனியில் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, இன்ஜின் டிரைவர் இருந்தார். பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் கிளப்பில் டான்ஸ் ஆட, ஜாஸ் பாண்டு நடத்திவந்தார். அதில் டபுள் பேஸ் வாசித்தவன் சண்டைக்குப் போய்விட்டான். வாத்தியம் மூலையில் நின்றது. பிடில் மாதிரிதான், ஆனால் என்னைவிட உயரம். "கத்துக்கிட்டா கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு நீதான்" என்று மூன்று டியூன் சொல்லிக்கொடுத்து, வாத்தியத்தையும் தந்தார். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"என்னங்க இது, பீரோவா?" என்றாள் முத்துத்தாய்.

"வாத்தியம். டபுள் பேஸ்."

"ஒத்தைப் பேச்சுக்கே உங்களுக்கு வாய் வராது. இதுல டபுள் பேச்சா?"

"பேச்சு இல்ல, பேஸ். ஜாஸ் வாசிக்கிறது."

"ஆமா, ஜாஸ்திதான். இம்புட்டுப் பெரிசை எங்க வைக்கப் போறீங்க?"

"முன்ரூம்ல. மாப்ள தலைமாட்டுல இடம் கெடக்குல்ல."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "வாசிங்க. நல்லா வாசிங்க."

அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தேன். எருமை தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. அடுப்படியில் குத்துப்போணிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. பேச்சிமுத்து கண்ணைத் திறந்தான்.

"நல்லாருக்கு மச்சான்" என்றான். திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விடாமல் வாசித்தேன். தந்தி ஒவ்வொன்றும் கிணற்றுக் கயிறுபோல. விரல் நுனியெல்லாம் கொப்புளம். கொப்புளம் உடைந்து தோல் காய்த்தது. இதற்கிடையில் எனக்கு ஒரு விபரீதம் நேர்ந்தது. வாத்தியம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மற்ற வாத்தியமெல்லாம் ஓடும், தாவும். இது மட்டும் நிதானமாக நடக்கும். அது நடந்தால்தான் மற்றதற்குக் காலடியில் தரை இருக்கும். மில்லில் நான் போட்ட கூட்டல் கழித்தலுக்கு அப்படி யாரும் காத்திருந்ததில்லை. காலையில் அதைத் தோளில் சாய்த்துக்கொள்ளும்போது நானும் ஓர் ஆள் என்று தோன்றும். மச்சினனை விரட்ட வேண்டும் என்பதே மறந்துபோனது.

கார்த்திகையில் டிரைவர் ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து என் வாசிப்பைக் கேட்பாராம். அந்த ஞாயிறு விடிந்ததும் முத்துத்தாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்கு உடம்பு முடியலையாம். ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துருங்க."

"தம்பியை அனுப்பேன்."

"அவன் பச்சைப்புள்ள, பயந்துருவான். அவர் வர்றதுக்குள்ள நீங்க வந்துரலாம்."

பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ் பாதி வழியில் மூச்சை விட்டது. மீதியை நடந்தேன். அலங்காநல்லூரில் மாமியார் பெரிய புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். "வாங்க மருமகனே, என்ன திடீர்னு?" என்றாள்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தெருமுனையிலேயே என் டியூன் கேட்டது. நான் வாசிப்பதைவிட நன்றாக இருந்தது. உள்ளே என் நாற்காலியில் டிரைவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேச்சிமுத்து நின்றான்.

"நல்ல ஆளா வீட்டுலயே வச்சிருக்கியே" என்று என் முதுகில் தட்டிவிட்டு டிரைவர் புறப்பட்டார். வேலை பேச்சிமுத்துவுக்கு.

"எப்ப மாப்ள கத்துக்கிட்டே?"

"நீங்க மில்லுக்குக் கெளம்புனதும் அக்கா எழுப்பி விட்டுரும் மச்சான். நீங்க வர்ற வரைக்கும் விடாது."

முத்துத்தாயைப் பார்த்தேன்.

"அவனை வெரட்டத்தான கொண்டாந்தீங்க? தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்?"

"எனக்கு அது பிடிச்சிருந்துச்சு முத்துத்தாய்."

"உங்களுக்கு மில்லு இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு?"

நியாயம்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

"சரி. வேலைதான் கெடச்சிருச்சே, தனியா ஜாகை பாக்கச் சொல்லு."

"அதெப்படி? பழகுறதுக்கு எடம் வேணாமா? முன்ரூம் அவனுக்கே இருக்கட்டும்."

கிறிஸ்துமஸ் டான்ஸ் வந்தது. பேச்சிமுத்து கோட்டு மாட்டி நின்றான். வாத்தியத்தைத் தூக்கினால் கோட்டு கசங்கிவிடும் என்றாள் முத்துத்தாய். நான் தூக்கினேன். வாசல்வரை வழியனுப்ப வந்தவள் சொன்னாள்:

"பாத்துங்க, நிலையில இடிச்சிராதீங்க. தம்பியோட வாத்தியம்."