பதினான்காம் வரிசையில் அளந்த சத்தம்

மதிப்பிற்குரிய மச்சான் மிட்சுயாசு அவர்களுக்கு,

தங்கள் தங்கை சாயோகோவின் கணவன் யோஷிதகா பணிவுடன் எழுதுவது. மழை ஒருவழியாக ஓய்ந்து சிள்வண்டுகள் காதைத் துளைக்கும் இக்கோடையில், ககோஷிமாவில் தாங்களும் வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன். எரிமலைச் சாம்பல் இந்த வருஷமாவது துணி காயப்போட விடுகிறதா? தாங்கள் அனுப்பிய சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பெட்டி வந்து சேர்ந்தது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், உங்கள் தங்கை ஏப்ரல் மாதத்திலிருந்து போன ஞாயிறு வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறும் ஊறுகாய்ப் பிளம் பழமும் மேசைக்கு வரும், ஆள் வரமாட்டாள். எல்லாம் தாங்கள் திருத்திக் கொடுத்த அந்தப் புகார் மனு பண்ணிய வேலை.

தொராக்கி ஜோவைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் மீன் சந்தையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு டோக்கியோவுக்கு ஓடி, நாடறிந்த ராக் பாடகனாகி, இன்று எழுபத்திரண்டு வயதிலும் தோல் சட்டையை மாட்டிக்கொண்டு வருஷா வருஷம் ஜூலையில் நம் தெருவுக்குப் பின்னாலிருக்கும் துறைமுக அரங்கத்துக்கு வந்து பாடுகிறான், பாடுகிறானா இரும்புக் கடையைக் கவிழ்க்கிறானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம், காகிதக் கதவெல்லாம் படபடக்கும், போன வருஷம் அவன் ரசிகன் எவனோ என் அசேலியாப் பூந்தொட்டியில் காலி டப்பாவைச் செருகிவிட்டுப் போனான், குடியிருப்போர் சங்கத் தலைவன் என்ற முறையில் நான் சும்மா இருக்க முடியுமா? இனி இவனுக்கு அரங்கத்தைத் தரக்கூடாது என்று மனு எழுதி, தாங்கள் திருத்தி, அதைக் குப்பை எடுக்கும் நாள் அட்டவணைக்கும் கோடைத் திருவிழா அறிவிப்புக்கும் நடுவில் சொருகி, வீடு வீடாகக் கைமாறும் சுற்றுப் பலகையில் வைத்து அனுப்பினேன். முப்பத்தெட்டு வீடு சுற்றி முப்பத்தெட்டு முத்திரையோடு திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முத்திரை குத்தியிருந்தால் அடுத்த வீட்டுக்காரர் படிப்பாரா, நீங்களே சொல்லுங்கள். எங்கள் வீட்டு முத்திரையைக் குத்தியது சாயோகோ. அவளும் படிக்கவில்லை. அவள் நாற்பத்தைந்து வருஷமாகத் தொராக்கியின் ரசிகை என்பது எனக்கும் தெரியாது. சந்தைக்குப் போகிறேன் என்று ஜூலை தோறும் போவாளே, அது இதுதானாம்.

ஒரு வீடு பாக்கியில்லாமல் மனு கொடுத்தால் நகராட்சி என்ன செய்யும்? பயந்துவிட்டது. சத்தம் அளக்கும் கருவி ஒன்றை என் கையில் கொடுத்து, குடியிருப்போர் இருக்கும் இடத்தில் வைத்து அளந்து, அன்றைய உச்ச அளவையும் அந்தச் சத்தம் யாருடையது என்பதையும் படிவத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். அந்த உச்சம் பாடகனுடையதாக இருந்து எழுபது டெசிபலைத் தாண்டியிருந்தால் அடுத்த வருஷத்திலிருந்து அரங்கம் கிடையாது. விஷயம் அப்போதுதான் தெருவுக்குத் தெரிந்தது. தோஃபு கடை ஹமசாகி அம்மா, எழுபத்து நான்கு வயது, கடையில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏன் தலைவரே, அவன் ஊருக்கு வர்றதே வருஷத்துக்கு ஒரு நாள். அதுலயும் மண்ணள்ளிப் போடணுமா?" நான் சொன்னேன், "உங்க முத்திரையும் அதுல இருக்கும்மா." அன்றிலிருந்து எனக்கு உடைந்த தோஃபுதான்.

போன ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி. கருவியும் சங்கக் கைப்பட்டையுமாகத் தெருவில் இறங்கினேன். குடியிருப்போர் இருக்கும் இடம் என்றால் குடியிருப்போர் வேண்டுமே! முதல் வீடு பூட்டு. இரண்டாவது பூட்டு. முப்பத்தெட்டு வீடும் பூட்டு, இடுப்பு ஒடிந்து படுத்திருந்த கடைசி வீட்டுப் பெரியவர் உட்பட. தெருவில் ஒரு பூனை இருந்தது, அது சங்க உறுப்பினர் இல்லை. விதி விதிதான் மச்சான், உங்களுக்குத் தெரியாததா? குடியிருப்போரைத் தேடிக்கொண்டு அரங்கத்துக்கே போனேன். வாசல் காவலாளி கைப்பட்டையைப் பார்த்துக் குனிந்து வணங்கி உள்ளே விட்டான்.

பதினான்காம் வரிசையில் சங்கம் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது! கழுத்தில் சிவப்புத் துண்டு, இடுப்பு ஒடிந்த பெரியவர் நாற்காலி மேல் நிற்கிறார். நடுவில் உங்கள் தங்கை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேடையில் தொராக்கி கிட்டாரை ஒரு இழு இழுத்தான், என் பொய்ப்பல் ஆடியது, கருவியில் நூற்று நான்கு. ஹமசாகி அம்மா எட்டிப் பார்த்தாள். "போச்சு, போச்சு! தலைவரே, அதுக்குக் குளிருது பாருங்க" என்று தன் துண்டைக் கருவிக்குச் சுற்றினாள். நூற்று மூன்று. பிறகு பின்வரிசையைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்: "கத்தாதீங்க, அளக்கறாங்க. இது குறையலைன்னா அடுத்த வருஷம் கிடையாது." அந்தப் பேச்சு சுற்றுப் பலகை மாதிரியே வரிசை வரிசையாகப் போயிற்று. ஏன், எதற்கு என்று ஒருத்தர் கேட்கவில்லை. இரண்டு பாட்டுக்குள் ஒன்பதாயிரம் பேர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒவ்வொரு வருஷமும் நடுவில் அவன் வாத்தியங்களை நிறுத்தி, மேடை நுனிக்கு வந்து, ஊர்ப் பேச்சில் "வந்துட்டேன்!" என்று கத்துவானாம். ஊரே "வா ராசா, வா!" என்று பதில் கத்துமாம். நாற்பது வருஷப் பழக்கம். அன்றும் வந்தான். கத்தினான். பதில் இல்லை. கருவியில் நாற்பத்தொன்று, அதுவும் என் மூச்சு. அவன் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்னய்யா, வீட்ல ஆள் இல்லையா?" என்று சிரித்தான். மறுபடி, "வந்துட்டேன்!" ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிரிப்பு போய்விட்டது மச்சான். பெரிய திரையில் அவன் முகம் தெரிந்தது. கதவைத் தட்டித் தட்டி யாரும் திறக்காத கிழவனின் முகம். மைக்கைத் தாழ்த்திவிட்டு, "சரி, வயசாயிடுச்சு. இத்தோட நிறுத்திக்கலாம்" என்றான். சாயோகோ துண்டுக்குள் அழுகிறாள்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் படகுத்துறையில் நின்று, இன்ஜின் இரைச்சலுக்கு மேலே "வலது! இன்னும் வலது! நிறுத்து!" என்று லாரிகளைக் கப்பலில் ஏற்றிய தொண்டை இது. நாற்காலி மேல் ஏறினேன். "வா ராசா, வா!" என்று கத்தினேன். கத்தியதில் பொய்ப்பல் முன்வரிசைக்குப் போய்விட்டது. கருவி நூற்றுப் பதினேழு! ஒரு நொடி கழித்து ஒன்பதாயிரம் பேரும் எழுந்தார்கள், கூரை போகும் என்று நினைத்தேன், ஆனால் கருவி நூற்றுப் பன்னிரண்டோடு நின்றுவிட்டது, அவர்கள் தூரம், நான் பக்கம். தொராக்கி மேடையில் மண்டியிட்டுக் கிட்டாரைக் கட்டிக்கொண்டு அழுதான். "அந்தப் பதினாலாம் வரிசைப் பெரியவர் யாருய்யா, கப்பலா?" என்று கேட்டான். கேட்டதும் என் மனம் நிறைந்துபோயிற்று.

மறுநாள் படிவத்தை நிரப்பினேன். உச்ச அளவு: நூற்றுப் பதினேழு. யாருடையது: சங்கத் தலைவர் யோஷிதகா. நகராட்சியில் அந்தப் பெண் மூன்று முறை படித்தாள்.

"ஐயா, இதுல உங்க பேரே இருக்கே?"

"ஆமாம்மா, நான்தான்."

"அப்போ உங்க மேலயே நீங்க புகார் குடுக்கறீங்களா?"

"சட்டத்துல இடமிருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப மூடிடும்மா."

முத்திரை குத்தி மூடினாள். அடுத்த ஜூலை அரங்கம் தொராக்கிக்குத்தான். வீட்டுக்கு வந்தேன், தோஃபு முழுசாக இருந்தது, உங்கள் தங்கை எதிரில் உட்கார்ந்து, "ஏங்க, தொண்டை வலிக்குதா?" என்றாள். நான்கு மாதம் கழித்து வந்த முதல் பேச்சு. தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோற்றுக்குக் கிண்ணத்தை நீட்டினேன்.

எனினும் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். நான் உள்ளே போனது கடமைக்காக மட்டுமே. அந்த இரைச்சலை நான் ரசித்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பல் விழுந்ததும், நான் அழுததும் (அழுதேன்) நம் இருவருக்குள் மட்டும் இருக்கட்டும், சங்கத் தலைவனுக்கு என்று ஒரு மரியாதை உண்டு. தங்கள் குடும்பம் நோய்நொடியின்றி, சாம்பல் விழாத கூரையின் கீழ் நெடுநாள் வாழ வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஒகிதா யோஷிதகா

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தவறுதலாகச் சுற்றுப் பலகையில் வைத்துவிட்டேன். இன்றுதான் முப்பத்தெட்டு முத்திரையோடு திரும்பி வந்தது, அதனால்தான் விளிம்பெல்லாம் சிவப்பு. இந்த முறை எல்லாரும் படித்திருக்கிறார்கள். "துண்டு சுற்றிய பிறகு நூற்று இரண்டு" என்று ஹமசாகி அம்மா திருத்தியிருக்கிறாள். கடைசி முத்திரைக்குக் கீழே பென்சிலில் இருப்பது உங்கள் தங்கையின் கையெழுத்து: "அண்ணா, இவர் மூணு பாட்டு மனப்பாடம் பண்ணிட்டார். குளிக்கும்போது தெரு முழுக்கக் கேட்குது. முப்பத்தேழு வீடும் புகார் எழுதப் போறாங்களாம். வந்து நீங்களே திருத்திக் குடுங்க."